வெள்ளச்சிகிட்டத்தான சொன்னா

நீ உக்காரு தாயி, நான் தள்ளிக்கிடுதேன். மணி அடிக்க இன்னும் நேரம் கெடக்கு. அந்த வார்டுக் கதவுகிட்ட நிக்கானே, அவன் ஒரு நிமிசம் முன்னாடித் தொறந்துருவானா? கோயில் நடையத் தொறந்தாலும் தொறப்பாக, இவன் தொறக்க மாட்டான்.

ஒங்க மாமியாருக்கு இன்னிக்கு எப்படி இருக்கு? எந்திரிச்சு உக்காந்தாகளா? நல்லது தாயி, நல்லது. நேத்து கதவு இடுக்கு வழியா நான் பாத்தேன். நீ ஊட்டி விடுத, அவுக ஏதோ கொறை சொல்லுதாக, நீ பதிலுக்குச் சொல்லுத, ஆனாலும் வாய் தொறந்து வாங்கிக்கிடுதாக. பாக்கவே நல்லா இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி சொவரப் பாத்துத் திரும்பிக் கெடந்தா பாரு, அவதான் செண்பகா. நீ கஞ்சி கொண்டு போய்க் குடுத்தியே, அவதான். செண்பகவல்லி. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. என் ஓரகத்தி.

நேத்து ஒரு வாய் கூடவா வாங்கல? தூக்குவாளி போன கனத்துக்கே திரும்பி வந்துச்சு, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். நான்தான் கொடுத்து விட்டேன்னு நீ சொல்லலையே? சொல்லிட்டியா! ஏன் தாயி சொன்ன? சரி விடு. சொல்லாட்டாலும் வாசத்த வச்சே கண்டுபிடிச்சுருவா. என் கையால வச்ச கஞ்சிக்குச் சீரகம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

டாக்டரம்மா காலைல என் கொழுந்தனக் கூப்பிட்டுச் சொல்லிட்டாக. முழுங்குறதுக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்காம். மனசுதான் இல்லையாம். இன்னிக்குச் சாயங்காலமும் வாய் தொறக்கலன்னா மூக்கு வழியா குழாய் விட்டுருவோம்னுட்டாக. வலது கை, வலது காலு விழுந்து போச்சு. பேச்சும் போயிருச்சு. ஆனா நாம பேசுறது அம்புட்டும் வெளங்குதாம். வீட்டு ஆளு யாராச்சும் பக்கத்துல உக்காந்து, மொகத்தப் பாத்து, பேசிப் பேசிக் குடுங்க, அப்படிப் பேசுனாத்தான் பேச்சும் திரும்பும்னு சொன்னாகளாம்.

பேசுங்கன்னு எம்புட்டு லேசாச் சொல்லிட்டாக.

கொழுந்தன் நல்லவருதான். ஆனா அவரு பேசி யாரு கேட்டது? அண்ணனும் தம்பியும் அப்படி. சோறு வேணும்னாக்கூடத் தட்டத்தான் பாப்பாக. அவரு கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'என்ன, என்ன'ன்னு கேட்டு அழுவுறாரே தவிர வேற வார்த்தை வரல. அவளுக்குப் புள்ளை குட்டி கிடையாது. அம்மா வீட்டுல ஆளு இல்ல. என் மகள் இந்து கைப்புள்ளையோட கோயமுத்தூருல கெடக்கா. அப்போ யாரு மிச்சம்? சொல்லு, யாரு மிச்சம்?

எனக்குப் பாஸ் கெடைக்கல தாயி, அதான் உள்ள போகல. கொழுந்தன்கிட்ட இருக்கு.

நான் சொல்லுதேன் கேளு. நானா சண்டைக்குப் போறவ இல்ல. எங்க ஊருல வந்து கேட்டுப் பாரு, வடிவுக்கு வாய் உண்டான்னு கேட்டுப் பாரு. இருக்குற எடம் தெரியாம இருப்பேன். அவ கல்யாணம் ஆகி வந்தப்ப கொடத்தத் தூக்கத் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். 'அக்கா, அக்கா'ன்னு என் முந்தானையப் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்சா. என் இந்து பொறந்தப்ப எனக்கு உடம்புக்கு ஆகல. அவதான் தூக்கிச் சுமந்தா. இந்து எங்கிட்டச் சோறு திங்க மாட்டா. மடில போட்டு அவ ஊட்டுனாத்தான் எறங்கும். 'சித்தி'ன்னுதான் மொதல்ல பேசுனா, 'அம்மா'ன்னு அப்புறந்தான். நான் அதுக்கெல்லாம் வருத்தப்பட்டேனா? படல. சொல்லிக்கூடக் காட்டல. எப்பவாச்சும் சொல்லியிருப்பேன், அது வேற.

அப்படி இருந்தவ, என் மக வளைகாப்புல, என் வீட்டு விசேஷத்துல, கை நனைக்காமப் போயிட்டா தாயி. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறுன்னு அண்டா அண்டாவா வடிச்சு வச்சுருக்கு. ஊரே திங்குது. கூடப்பொறந்தவ கணக்கா இருந்தவ பச்சத் தண்ணி குடிக்காமப் போயிட்டா. வேத்தாளு கூட அப்படிச் செய்ய மாட்டா. பந்தில எல்லாரும் கேக்காக, 'சின்னவள எங்க, சின்னவள எங்க'ன்னு. எனக்கு மொகத்த எங்க கொண்டு போய் வைக்க?

என்ன நடந்துச்சா? ஒண்ணும் நடக்கல. நீயும் என் மக மாதிரியே கேக்க.

மணையில இந்துவ உக்கார வச்சாச்சு. சந்தனம் பூசி, ஒவ்வொருத்தரா வளையல் போட வாராக. நான் வளையல் தட்ட வச்சுக்கிட்டு நிக்கேன். செண்பகா நல்ல பட்டுச்சேலை கட்டி, தலை நெறையப் பூ வச்சு, முன்னால வந்து நிக்கா. அவ தனியா வேற ஒரு டசன் பச்சை வளையல் வாங்கி மடிச்சுக் கையில வச்சுருக்கா. என் வீட்டுக்காரருக்கு அத்தை மொறைல ஒருத்தி, பல்லு போன கெழவி, அவ சொல்லுதா, 'புள்ள பெத்தவுக மொதல்ல போடட்டும்'னு. அவதான் சொன்னா. நான் சொல்லல. நான் வாயே தொறக்கல தாயி. செண்பகா கைய நீட்டுனா. நான் தட்ட அடுத்த ஆளு பக்கம் லேசா நகட்டுனேன். அம்புட்டுத்தான். நல்லதுக்குத்தான் நகட்டுனேன். சபைல நாலு பேரு நாலு பேசுவாக, அத அவ ஏன் கேக்கணும்? அவ கொஞ்ச நேரம் நின்னுருந்தா கடைசில நானே கூப்பிட்டுப் போடச் சொல்லியிருப்பேன். கூட்டத்துல மறந்து போச்சு. திரும்பிப் பாக்கேன், ஆளக் காணோம்.

மணையில உக்காந்து இந்து அழுவுறா. எல்லாரும் ஆனந்தக் கண்ணீருன்னாக.

அன்னியோட பேச்சு நின்னு போச்சு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இடுப்பளவு சொவரு. நிமிந்தா மொகம் தெரியும். ஆனாலும் அவ என்னயப் பாத்துப் பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். நான் எதுக்குப் பேசணும்? சாப்பிடாமப் போனது அவ.

அதுக்காக ஒரு வார்த்தை கூட இல்லாம இருக்க முடியுமா? ஒரே வளவுல இருந்துக்கிட்டு? தண்ணி வருதா, கரண்டு போச்சா, மழை வருது துணிய எடுன்னு ஆயிரம் இருக்கும்ல. அதுக்குத்தான் வெள்ளச்சி. எங்க ஆடு. சொவத்து ஓரமா முருங்கைல கட்டிக் கெடக்கும். என் ஆடுதான், ஆனா சொவத்துக்கு மேலயே தண்ணி வைக்கிறது அவ. மழை வந்தா அவ, 'ஏ வெள்ளச்சி, மொளகா காயுது, மழை வருது'ம்பா. நான் போய் மொளகாய அள்ளிக்கிடுவேன். எனக்கு ஏதாச்சும் சொல்லணும்னா, 'வெள்ளச்சி, சில பேரு வீட்டு அடுப்புல பாலு பொங்குது, மூக்கு அடைச்சுப் போச்சோ என்னவோ'ம்பேன். அவ ஓடுவா. நம்ம பக்கத்துல எல்லா வீட்லயும் உள்ளதுதான தாயி. ஒங்க வீட்ல பூனைகிட்டப் பேசுவாகளா? அதேதான். எங்க தெருவுலயே ஜாஸ்தி பேச்சுக் கேட்டது அந்த ஆடாத்தான் இருக்கும்.

மொதல்ல வேலைப் பேச்சுத்தான் ஆட்டுகிட்டச் சொன்னோம். அப்புறம் மனசுல உள்ளதும் வந்துருச்சு. 'வெள்ளச்சி, ஒனக்காச்சும் வருசத்துக்கு ரெண்டு குட்டி'ம்பா அவ. எனக்குச் சுருக்குன்னும். என்னயத்தான குத்துதா? நான் உடனே, 'வெள்ளச்சி, நீ தின்ன எடத்துலயே முட்டுத. ஒனக்கும் சில ஆளுகளுக்கும் அதுல வித்தியாசம் இல்ல'ம்பேன். அவ உள்ள போயிருவா. நான் ஜெயிச்ச மாதிரி இருக்கும். கொஞ்ச நேரந்தான் இருக்கும், அப்புறம் இருக்காது.

என் மக வேலை பாக்குற கம்பெனில ஒரு வகுப்பு நடத்துனாகளாம். என்ன வகுப்புன்னு கேக்கியா? சண்டை வந்தா எப்படிப் பேசணும்னு வகுப்பு. சிரிக்காத. அதுக்கு ஒரு வாத்தியாரு, காபி, பிஸ்கோத்து. இந்து போன்ல எனக்குப் பாடம் எடுக்கா. 'அம்மா, நீ இப்படிச் செஞ்சன்னு ஆரம்பிக்காத. எனக்கு இப்படி இருந்துச்சுன்னு ஆரம்பி. அவுக பேசும்போது குறுக்க விழாத. அவுக சொன்னத நீ ஒரு தடவ திருப்பிச் சொல்லிப் பாரு, அப்பத்தான் நீ கேட்டன்னு அவுகளுக்குத் தெரியும்'னா. நான் எப்பவாச்சும் குறுக்க விழுந்துருக்கேனா? இல்ல, நீ சொல்லு. சரி, புள்ள சொல்லுதாளேன்னு, நான் ஒரு நா எறங்கிப் போனேன்.

சொவத்துகிட்டப் போனேன். அந்தப் பக்கம் அவ பாத்திரம் வெளக்குற சத்தம் கேக்கு. தொண்டையச் செருமிக்கிட்டு, 'வெள்ளச்சி, நீ சாப்பிடாமப் போனது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு'ன்னேன். இந்து சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன். ஒரு எழுத்து மாறல. அந்த மூதி அப்பத்தான் ஒரு கட்டு அகத்திக்கொழைய முழுசாத் தின்னுட்டு அசை போட்டுக்கிட்டுக் கெடக்கு.

வெளக்குற சத்தம் நின்னு போச்சு. அப்புறம் மெதுவாச் சொல்லுதா: 'வெள்ளச்சி, யாராச்சும் கூப்பிட்டாத்தான சாப்பிட.'

பாத்தியா? பாத்தியா தாயி அவ வாய? நான் அம்புட்டுத் தூரம் எறங்கி வந்து சொல்லுதேன், அவ என்னயவே குத்தம் சொல்லுதா! தன் வீட்டு விசேஷத்துல யாரு யாரக் கூப்பிடணும்? அவளே பரிமாற வேண்டியவ. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. 'வெள்ளச்சி, வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுறதுக்கு இங்க என்ன ராணியா இருக்கா'ன்னுட்டு வந்துட்டேன். இந்துகிட்டச் சொன்னேன், ஒன் வகுப்பெல்லாம் கோயமுத்தூருக்குத்தான் ஆகும், நம்ம ஊருக்கு ஆகாதுன்னு. அவ சொல்லுதா, 'அம்மா, சித்தி சொன்னத ஒரு தடவ திருப்பிச் சொல்லு'ன்னு. நான் போன வச்சுட்டேன்.

மணி அடிச்சுட்டானா? இல்லையா. பக்குன்னு ஆயிருச்சு.

அவ விழுந்த அன்னிக்கு நடந்தத யாருகிட்டயும் சொல்லல தாயி. என் வீட்டுக்காரருகிட்டக் கூடச் சொல்லல. நீ வேத்தாளு, அதனாலதான் சொல்லுதேன்.

மத்தியானம். நான் ஆட்டுரல்ல மாவாட்டிக்கிட்டு இருக்கேன். கிரைண்டரு ரிப்பேரு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயாச்சு. அந்தப் பக்கம் இருந்து அவ சத்தம் வருது. 'வெள்ளச்சி, சோத்துக் கை மரத்துப் போச்சு. தூக்கவே வரல. என்னமோ செய்யுது வெள்ளச்சி'ங்கா. சத்தம் கொஞ்சம் கொழகொழன்னு இருந்துச்சு. வெத்தலை போட்டுருக்கான்னு நெனச்சேன்.

சோத்துக் கைன்னா என்ன? சாப்பிடுற கை. என் காதுல அப்படித்தான விழும்? சாப்பிடாமப் போனதத்தான் இழுக்கா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சேன். கொழவியச் சுத்துறத நிறுத்தாமயே சொன்னேன். 'வெள்ளச்சி, நல்லது பொல்லதுக்கு நனைக்காத கை மரத்துத்தான் போவும்'னு சொன்னேன்.

சொன்னேன் தாயி. சத்தமாவே சொன்னேன்.

அவ பதில் சொல்லல. நான் ஜெயிச்சுட்டேன்னு மாவ வழிச்சேன்.

சாயங்காலம் ஆச்சு. அவ கழுநீரு வைக்கிற நேரம். வெள்ளச்சி கத்துது. கத்திக்கிட்டே இருக்கு. நான் உள்ள இருந்துக்கிட்டே, 'ஏன் கத்துத, தண்ணி வைக்கிற மகராசி தூங்குதா போல'ன்னேன். அதுக்கும் பதில் இல்ல. எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவா. எந்திரிச்சுப் போய் சொவருக்கு இந்தப் பக்கம் குனிஞ்ச தலையோட நின்னேன். நிமிந்து பாத்தா அவ மொகத்தப் பாத்துருவேன்ல? பாத்துட்டா நான் தோத்த மாதிரி ஆயிரும்ல? நான் வெள்ளச்சியத் தடவிக் குடுத்துட்டு உள்ள போயிட்டேன். சொவரு இடுப்பளவுதான் தாயி. தலைய நிமித்தியிருந்தாப் போதும்.

வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொழுந்தன் வந்து கூப்பாடு போட்டாரு. சொவத்துக்கும் அவ வீட்டுக் கொல்ல வாசலுக்கும் நடுவுல கெடக்கா. எங்க சொவத்தப் பாத்துக் கெடக்கா.

நீ சொல்லு தாயி. எனக்கு எப்படித் தெரியும்? அவ வெள்ளச்சிகிட்டத்தான சொன்னா? எங்கிட்ட சொன்னாளா? 'அக்கா, எனக்கு முடியல'ன்னு ஒரு வார்த்தை, என்னயப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சொவத்த ஏறிக் குதிச்சு வந்துருக்க மாட்டேனா? மாவாவது மண்ணாவது! ஆட்டுகிட்டச் சொன்னா ஆடு வந்து தூக்குமா? நேரா சொல்லணும்ல? மனுசங்கன்னா மொகத்தப் பாத்துச் சொல்லணும்ல?

ஏன் தாயி அப்படிப் பாக்க?

மறுநா அவளுக்கு மாத்துச்சேலை எடுக்க அவ வீட்டுக்குள்ள போனேன். வளைகாப்புக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அந்த வாசப்படி ஏறுனேன். ஆணியில ஒரு மஞ்சப்பை தொங்குது. சேலையோன்னு எடுத்துப் பாத்தா அந்தப் பச்சை வளையல். காயிதம் கூடப் பிரிக்கல. இத்தனை நாளா பத்திரமா வச்சுருக்கா. எம்புட்டு வன்மம் பாரு! தெனம் பாத்துப் பாத்து என் மேல ஆத்திரத்த வளத்துருக்கா. அப்படித்தான நான் நெனப்பேன்? இந்துவுக்குப் போன்ல சொன்னேன். அழுதா. அப்புறம், 'நீ பேசுனாத்தாம்மா சித்தி சாப்பிடுவா, வேற யாரு பேசுனாலும் சாப்பிட மாட்டா'ன்னா. வகுப்புல சொல்லிக் குடுத்தது ஏதாச்சும் இருந்தாச் சொல்லு, எப்படி ஆரம்பிக்கன்னு கேட்டேன் தாயி. நானே கேட்டேன். அதுக்கு அவ, 'இதுக்கெல்லாம் வகுப்பு இல்லம்மா'ன்னுட்டா.

அந்த வளையல் இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. எதுக்குக் கொண்டு வந்தேன்னு எனக்கே தெரியல. கஞ்சியும் இருக்கு. சூடாத்தான் இருக்கு, துண்டச் சுத்தி வச்சுருக்கேன்.

இந்தத் தடவையும் நீயே கொண்டு போறியா? இல்ல, நீ குடுத்தா வாங்க மாட்டா, நேத்தே பாத்தாச்சு. குழாய் விட்டுருவாகளே தாயி! ஒரு வார்த்தை சொன்னா மொகம் சுருங்கிப் போறவ, மூக்குல குழாயோட கெடப்பாளா? அதுக்கப்புறம் அவ தேற மாட்டா. எனக்குத் தெரியும். அவளப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?

என்ன கேட்ட? பாஸா?

இந்தா. முந்தியில முடிஞ்சு வச்சுருக்கேன். அவள இங்க சேத்த அன்னிக்கே கொழுந்தன் எங்கிட்டக் குடுத்துட்டாரு, 'மதினி, நீங்க போனாக் கேப்பா'ன்னு. தெனம் இந்தக் கதவு வரைக்கும் போறேன். கதவத் தொறந்ததும் கால் வர மாட்டேங்குது. மொத நாள் போனேன், கட்டிலு வரைக்கும் போனேன் தாயி. அவ கண்ணத் தொறந்து என்னயப் பாத்தா. வாய் ஒரு பக்கம் கோணிப் போய்க் கெடக்கு. என்னமோ சொல்ல வந்தா. சத்தம் வரல. எனக்கு ஒரு வார்த்தை வரல. அவளுக்குத்தான் பேச்சு வராது, எனக்கு என்ன கேடு? மொகத்தப் பாத்துப் பேசிப் பழக்கம் விட்டுப் போச்சே தாயி. அப்படியே வெளிய வந்துட்டேன். அதுக்கப்புறந்தான் அவ சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாளாம். நர்சம்மா சொன்னாக.

நீ நல்ல புள்ள. எனக்கு ஒரு ஒத்தாசை செய்யி. நீ எங்கூட அவ கட்டிலுகிட்ட வா. வந்து அந்தப் பக்கம், சொவத்துப் பக்கமா நில்லு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். வெள்ளச்சி மாதிரி சும்மா நின்னாப் போதும். கோவிச்சுக்காத தாயி, ஒன்னய ஆடுங்கேன்னு நெனைக்காத. நான் ஒன்னயப் பாத்துச் சொல்லுதேன், அவ கேட்டுக்கிடுவா. எப்பவும் கேட்டுக்கிடுவா.

என்ன சொல்லப் போறேனா? இரு, சொல்லிப் பாக்கேன். 'தாயி, சில பேரு வீம்பு புடிச்சுக் கெடக்காக'... இல்ல இல்ல, அது வேண்டாம். 'தாயி, எனக்கு மனசுக்குக் கஷ்டமா'... அதுவும் வேண்டாம், அத ஏற்கெனவே சொல்லியாச்சு. 'தாயி, இந்துவோட புள்ளைக்குப் பல்லு மொளைக்குது, யாரு வந்து ஊட்ட'... இது நல்லா இருக்கா?

மணி அடிச்சுட்டான். எந்திரி, எந்திரி. என் கையப் புடிச்சுக்க. தூக்குவாளிய நான் வச்சுக்கிடுதேன். வளையலும் நானே வச்சுக்கிடுதேன். நீ அங்க போய் நில்லு தாயி, என்னயப் பாத்த மாதிரி நில்லு, வேற எங்கயும் பாக்காத. நான் ஒன்னயத்தான் பாப்பேன். ஒன்னயப் பாத்துத்தான் சொல்லுவேன். தாயி, அவளச் சாப்பிடச் சொல்லு. அக்கா கூப்பிடுதான்னு சொல்லு. கூப்பிடாமப் போச்சு அன்னிக்கு, இன்னிக்குக் கூப்பிடுதான்னு சொல்லு. இந்தத் தடவயும் சாப்பிடாமப் போயிராதன்னு சொல்லு. போயிராதன்னு... போயிராத செண்பகா. செண்பகா, சாப்பிடாமப் போயிராத.